அலுவலகத் தொலைபேசியில் வீட்டுச் செய்தி

மட்டக்களப்பில் சிறிய அலுவலகங்களுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால், வேலையை விட்டு விலகியவர்கள் திருப்பிக் கொடுத்த தொலைபேசிகள் அடிக்கடி என் மேசைக்கு வரும். உள்ளே இருப்பதை அழித்து, அடுத்து வருபவருக்குத் தயார்செய்து கொடுக்க வேண்டும். அப்படி வந்த ஒன்று பழுப்பு நிறக் கடித உறைக்குள் இருந்தது. உறையின் மேல் திரைப் பூட்டின் நான்கு இலக்கங்கள் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. அந்த இலக்கங்கள் பொருந்தவில்லை. பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தி முழுவதையும் அழித்தேன். அதன் பிறகு, அன்ட்ரொய்ட் தொலைபேசிகள் வழக்கமாகச் செய்வதுபோல, முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்டு நின்றது. திருட்டுப்போன தொலைபேசியை வேறொருவர் பயன்படுத்தாமல் இருப்பதற்காக வைத்த பூட்டு அது. அலுவலகத்தில் இருந்தவர்கள் விலகிப்போன பெண்ணுக்கு அழைப்பெடுத்து என் கையில் தந்தார்கள். பேருந்து இரைச்சலுக்கு நடுவே அவர் சொன்னார்: "எழுதிக்கங்க அண்ணா, எல்லாத்துக்கும் இந்தப் பாஸ்வேர்ட்தான்."

அவர் "எல்லாத்துக்கும்" என்று சொன்னதற்குள் அவருடைய மின்னஞ்சல், கட்டாரில் வேலை செய்யும் கணவர் அனுப்பிய படங்கள், கணவரின் கடவுச்சீட்டுப் பிரதி, மகனின் பாடசாலைத் தாள்கள் எல்லாமே அடங்கியிருந்தன. நான் எழுதிக்கொள்ளவில்லை. மறுநாள் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து, தன் கையாலேயே கடவுச்சொல்லை இட்டு, பிறகு அந்தக் கணக்கைத் தொலைபேசியிலிருந்து நீக்கினார். புறப்படும் நேரத்தில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: இரண்டு வருடமாக வட்ஸ்அப்பில் வீட்டாரோடு பேசியதையெல்லாம் அலுவலகத்தில் பார்த்திருப்பார்களா? "பார்த்திருக்க முடியாது" என்று சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் அது முழு உண்மையாக இருந்திருக்காது. செய்தி எந்த வழியாகப் போனது, அந்த வழியில் யாருக்குத் திறப்பு இருந்தது, அப்படித் திறக்கலாம் என்று அவருக்கு முன்கூட்டியே யாராவது அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லியிருந்தார்களா என்பவற்றைப் பொறுத்தே பதில் அமைகிறது.

வெளிநாட்டு ஆலோசகர்கள் இந்த விடயத்தில் எப்போதும் தரும் அறிவுரை, அலுவலகக் கருவியில் சொந்தச் செய்தி எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பது. எங்கள் மாவட்டங்களில் அது நடைமுறைக்கு ஒவ்வாத அறிவுரை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல வீடுகளில் இருக்கும் மிக நல்ல தொலைபேசி, கடன் வழங்கும் நிறுவனமோ தொண்டு நிறுவனமோ வெளிக்கள உத்தியோகத்தருக்குக் கொடுத்ததாகவே இருக்கிறது. 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் அதில்தான் பாடம் படித்தார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு தொலைபேசி விலை ஏறிய ஏற்றத்தில் இரண்டாவதாக ஒன்று வாங்குவது பலருக்குத் தள்ளிப்போன காரியமாகிவிட்டது. மத்திய கிழக்கில் இருப்பவர் அங்கே வேலை முடித்து அழைக்கும் நேரத்தில் இங்கே இருப்பவர் கையில் எந்தத் தொலைபேசி இருக்கிறதோ அதுதான் குடும்பத் தொலைபேசி. இதற்கு நேர்மாறான கலப்பும் உண்டு: பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் பணிபுரியும் பலர் சொந்தத் தொலைபேசியிலேயே அலுவலகக் குழுக்களின் கட்டளைகளை இரவு பத்து மணிக்கும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வீடு அலுவலகத்துக்குள்ளும் அலுவலகம் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்ட இந்த நிலையை ஏற்றுக்கொண்டுதான் மேற்கொண்டு பேச வேண்டியிருக்கிறது.

முதலில் வழிகளைப் பார்ப்போம். நிறுவனத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரியைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லை. கூகுள் அல்லது மைக்ரோசொஃப்ட் சேவையை நிறுவனம் வாங்கி நடத்தும்போது, அதன் நிர்வாகி ஒரு ஊழியரின் அஞ்சல் பெட்டியைத் தேடவும், அழித்த கடிதங்களைக்கூடக் குறிப்பிட்ட காலம் வரை மீட்டெடுக்கவும், கணக்கை மொத்தமாக இன்னொருவரிடம் ஒப்படைக்கவும் கருவிகள் அந்தச் சேவைகளுக்குள்ளேயே இருக்கின்றன. ஊழியர் கடவுச்சொல்லை மாற்றுவதால் அதில் எதுவும் மாறாது. அலுவலக முகவரியிலிருந்து தங்கைக்கு எழுதிய கடிதம், அலுவலகக் கடதாசியில் எழுதி அலுவலக அலுமாரியில் வைத்த கடிதம் போன்றது.

வட்ஸ்அப் வேறு வகை. 2016 ஏப்ரல் முதல் அதன் செய்திகள் அனுப்புபவரின் கருவியிலிருந்து பெறுபவரின் கருவி வரை மறைகுறியாக்கப்பட்டே போகின்றன. இடையில் இருக்கும் வலையமைப்பு நிறுவனமோ அலுவலக வைஃபை பெட்டியோ அவற்றைப் படிக்க முடியாது. இதை அறிந்த பலர் அதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு வழிக்குத்தான், வழியின் இரு முனைகளுக்கும் அல்ல. செய்தி திரையில் படிக்கும்படியாகத் தோன்றும் இடத்தில் மறைகுறியாக்கம் முடிந்துவிடுகிறது. அந்தத் திரை அலுவலகத்தினுடையது என்றால், அந்த முனையில் என்ன மென்பொருள் வேலை செய்கிறது என்பதைத் தீர்மானிப்பவர் அலுவலகத்தார்.

என் அனுபவத்தில் அந்தரங்கம் வெளிப்படும் இடம் பெரும்பாலும் உளவு மென்பொருள் அல்ல. வரவேற்பு மேசைக் கணினியில் திறந்து விட்ட வட்ஸ்அப் வெப். ஒரு கணக்கை நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். இணைத்தவர் வெளியேறாமல் போனால், அவருடைய தொலைபேசி பயன்பாட்டில் இருக்கும் வரை அந்த இணைப்பும் உயிரோடு இருக்கும். கோவைகளை அனுப்ப வசதி என்று காலையில் இணைத்ததை மாலையில் மறந்துவிட்டு ஆரையம்பதிக்கோ ஏறாவூருக்கோ வீடு போய்ச் சேர்ந்தவரின் மனைவி அனுப்பும் செய்தி, இங்கே இரவுக் காவலாளிக்கு முன்னால் திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும். கூட்டத்தில் படவீழ்த்தியோடு இணைத்த மடிக்கணினியில், முழு ஊழியர்களும் பார்த்திருக்க, "மாமாவுக்கு இரத்தப் பரிசோதனை சரியில்லையாம்" என்ற வரி வந்து மறைந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதில் யாருக்கும் தீய நோக்கம் இருக்கவில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் செய்தி இருபது பேருக்குத் தெரிந்துவிட்டது. (தொலைபேசியில் வட்ஸ்அப் அமைப்புகளுக்குள் 'இணைக்கப்பட்ட கருவிகள்' என்ற பகுதியை இந்தக் கட்டுரையை வாசிக்கும் இடைவெளியில் ஒருமுறை திறந்து பாருங்கள், பழைய அலுவலகக் கணினி இன்னும் அதில் இருக்கக்கூடும்.)

அலுவலக வைஃபை பற்றிய பயம் ஓரளவு மிகைப்படுத்தப்பட்டது. சொந்தத் தொலைபேசியை அதில் இணைத்தால், எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு டேட்டா என்பவை நிர்வாகிக்குத் தெரியலாம். எழுதிய செய்தியின் உள்ளடக்கம் தெரியாது. ஆனால் அலுவலகமே தந்த கணினியில் நிறுவனம் தன் டிஜிட்டல் சான்றிதழை (எந்த இணைப்பை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லும் சிறு கோவை) நிறுவியிருந்தால், பூட்டுக் குறி காட்டும் இணையத்தளங்களையும் இடையில் பிரித்துப் பார்க்க முடியும். பெரிய நிறுவனங்களின் கிளைகளில் இது கொழும்பிலிருந்தே அமைக்கப்பட்டு வரும். கிளை முகாமையாளருக்கே தெரிந்திராது.

அன்ட்ரொய்ட் தொலைபேசிகளில் இரண்டு விதமான நிறுவனக் கட்டுப்பாடு உண்டு. ஒன்றில் முழுத் தொலைபேசியும் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருக்கும். எந்தச் செயலியை நிறுவலாம், தூரத்திலிருந்தே எப்போது முழுவதையும் அழிக்கலாம் என்பவை அதன் கையில். மற்றதில், சிறிய பெட்டிக் குறியிட்ட செயலிகள் மட்டும் அலுவலகப் பக்கமாகத் தனித்து நிற்கும்; மறுபக்கத்தில் இருக்கும் படங்களையும் செய்திகளையும் நிறுவனம் பார்க்க முடியாது. இந்த இரண்டாவது முறைக்குக் கூடுதல் செலவு பெரிதாக ஒன்றுமில்லை. இருந்தும் எங்கள் பகுதியில் நான் அதை அரிதாகவே காண்கிறேன். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், புதுத் தொலைபேசியில் அலுவலகக் கூகுள் கணக்கை மட்டும் இட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஊழியர் எடுக்கும் படங்கள் அந்தக் கணக்கிலேயே தானாகச் சேமிக்கப்படும்படி அமைந்திருந்தால், மாமாங்கேஸ்வரர் திருவிழாவில் பிள்ளைகளை எடுத்த படம் கடன் விண்ணப்பதாரரின் அடையாள அட்டைப் படத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும். தொலைபேசியில் இருந்ததை அழித்துவிட்டுக் கொடுத்தாலும் கணக்கில் இருப்பது அப்படியே இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்கப்படாமல் போவது சிம் அட்டை. வட்ஸ்அப் கணக்கு தொலைபேசிக்கு உரியது அல்ல, இலக்கத்துக்கு உரியது. நிறுவன இலக்கத்திலேயே குடும்பக் குழுவிலும் கோயில் குழுவிலும் சேர்ந்திருந்த ஒருவர், இலக்கத்தை மாற்றாமலும் கணக்கை நீக்காமலும் சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனால், அதே இலக்கத்தில் வட்ஸ்அப்பைப் பதிவு செய்யும் அடுத்த ஊழியர் அந்தக் குழுக்களுக்குள் தானாகவே போய் நிற்கக்கூடும். பழைய செய்திகள் அவருக்குக் கிடைக்காது. இனி வருபவை கிடைக்கும். பெரியம்மா குழுவில் போடும் கல்யாணப் பேச்சுக்கு முகம் தெரியாத ஒருவர் பார்வையாளர் ஆகிவிடுவார். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு இலக்கமும் அந்தச் சிம்முக்கே வரும் என்பதை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

இனிச் சட்டம். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்தரங்கத்தை ஓர் அடிப்படை உரிமையாகத் தனித்துச் சொல்லவில்லை. 2015 இல் 19 ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 14அ உறுப்புரையில் அந்தச் சொல் வருகிறது. ஆனால் அங்கே அது தகவல் அறியும் உரிமையை மட்டுப்படுத்தக்கூடிய காரணங்களுள் ஒன்றாகவே வருகிறது. இந்தியாவில் 2017 ஓகஸ்ட் 24 ஆம் திகதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அரசியலமைப்பு காக்கும் உரிமையே என்று ஒருமனதாகத் தீர்த்தது போன்ற ஒரு தீர்ப்பின் மேல் நாம் சாய்ந்துகொள்ள முடியாது. சாய்ந்துகொள்ள முடிந்தாலும் அது தனியார் துறையினருக்கு நேரடியாக உதவியிருக்காது: அடிப்படை உரிமை மீறல் மனு அரசின் நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே, அதுவும் ஒரு மாதத்துக்குள், உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட வேண்டியது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்பவருக்கு அந்தக் கதவு இருக்கிறது. அடுத்த தெருவில் குத்தகை நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு இல்லை.

அரசாங்க ஊழியருக்கு வேறொரு கட்டு இருக்கிறது. அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவை ஏற்கெனவே அவருடைய பகிரங்கப் பேச்சுக்கு வரம்பு வைத்திருக்க, 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவதும் அந்த வரம்புக்குள் அடங்கும் என்று நினைவூட்டியது. அது பகிரங்கமாக எழுதுவதைப் பற்றியது, தனிப்பட்ட செய்தியைப் பற்றியது அல்ல. ஆனாலும் நூறு பேர் இருக்கும் ஒரு வட்ஸ்அப் குழுவில் எழுதியதை ஸ்கிரீன்ஷொட்டாக எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பி வைக்க ஒருவர் போதும். அப்போது எது தனிப்பட்டது, எது பகிரங்கம் என்ற கோடு விசாரணை மேசையில்தான் வரையப்படுகிறது.

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனைவருக்கும் பொதுவானது. அதிகாரமின்றி ஒரு கணினிக்குள் அல்லது அதில் உள்ள தகவலுக்குள் நுழைவதையும், சட்டபூர்வ அதிகாரமின்றித் தொடர்பாடலை இடைமறிப்பதையும் அது குற்றமாக்குகிறது. இங்கே 'அதிகாரம்' என்ற சொல்தான் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. அலுவலகக் கணினியைத் திறக்க முகாமையாளருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதில் தகராறு இல்லை. அந்தக் கணினியில் திறந்தபடி விடப்பட்ட ஊழியரின் சொந்த ஜிமெயில் கணக்குக்குள் போய்ப் பழைய கடிதங்களைத் தேடவும் அந்த அதிகாரம் நீளுமா? அந்தக் கடிதங்கள் இருப்பது அலுவலக மேசையில் அல்ல, வேறொரு நிறுவனத்தின் வழங்கியில் (சேர்வரில்). என் பார்வையில், கணினி தன்னுடையது என்பதை வைத்து இந்த இரண்டாவது செயலை நியாயப்படுத்துவது மிகவும் கடினம். மேசை என்னுடையது என்பதால் அதன் மேல் ஒருவர் மறந்து வைத்த வீட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு போய் அவருடைய வீட்டைத் திறக்க முடியாது.

இந்த இடைவெளிகளை நிரப்ப வேண்டியது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2022 மார்ச் 19 ஆம் திகதி சான்றுப்படுத்தப்பட்டது. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்ட அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச் 18 இல் வரவிருந்த நிலையில் தள்ளிவைக்கப்பட்டன. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் நிறைவேறியது. ஊழியர் செய்தி என்று ஓர் அத்தியாயம் அதில் இல்லை. ஆனால் அதன் அடிப்படைக் கோட்பாடுகள் இங்கே நேராகப் பொருந்துபவை: தரவைக் கையாளச் சட்டபூர்வமான ஒரு காரணம் வேண்டும், குறித்த நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும், எடுக்கப்படுகிறது என்று உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும், தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டால் காட்ட வேண்டும். மூலச் சட்டத்தில் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்க இடமிருந்தது.

இந்தச் சட்டம் ஊழியரின் பக்கம் மட்டும் நிற்பதாக எண்ணிவிடக் கூடாது. வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படத்துக்கும், வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்ணொருத்தி தொண்டு நிறுவனத்திடம் சொன்ன கதைக்கும், வைத்தியசாலைக் குறிப்புக்கும் பொறுப்பாளி நிறுவனமே. அந்தப் படம் ஊழியரின் சொந்த வட்ஸ்அப் வழியாகக் கைமாறிப் போனால் பதில் சொல்ல வேண்டியதும் நிறுவனமே. ஆகவே தன் கருவிகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க முதலாளிக்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. ஊழியர் சிலர் நினைப்பதுபோல எல்லாம் வேவு பார்க்கும் ஆசை அல்ல. பார்ப்பது என்றால் எதுவரை என்பதுதான் வழக்கு.

அந்த 'எதுவரை' என்பதைப் பிற நாட்டு நீதிமன்றங்கள் நன்றாக உழுது வைத்திருக்கின்றன. அவற்றின் தீர்ப்புகள் இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் சிக்கல் எங்கே இருக்கிறது என்று காட்டும். ருமேனியாவைச் சேர்ந்த பொக்டான் பர்புலெஸ்கு, புக்காரெஸ்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பொறுப்பில் இருந்த பொறியியலாளர். வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவதற்காக, நிறுவனம் கேட்டபடியே யாஹூ மெசெஞ்சரில் ஒரு கணக்குத் திறந்தார். 2007 ஜூலை 5 முதல் 13 வரை அந்தக் கணக்கை நிறுவனம் கண்காணித்தது. பிறகு அழைத்துக் கேட்டபோது, வேலைக்கு மட்டுமே பயன்படுத்தினேன் என்று அவர் எழுதிக் கொடுக்க, 45 பக்கப் பிரதி ஒன்று அவர் முன் வைக்கப்பட்டது. அதில் அவருடைய சகோதரனோடும், மணம் செய்யவிருந்த பெண்ணோடும் எழுதிக்கொண்டவை இருந்தன. வேலை போனது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் சிறு அமர்வு 2016 ஜனவரியில் அவருக்கு எதிராகவும், பேரமர்வு 2017 செப்டெம்பர் 5 இல் 11 க்கு 6 என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சார்பாகவும் தீர்த்தன.

இதில் ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நிறுவனத்தின் கணினியைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அங்கே எழுத்தில் இருந்தது. அதை அவர் அறிந்தும் இருந்தார். பேரமர்வு அதைப் போதுமானதாகக் கொள்ளவில்லை. பயன்படுத்தாதே என்று சொல்வது ஒன்று. பயன்படுத்தினால் நீ எழுதியதை வரிக்கு வரி வாசிப்போம் என்று முன்கூட்டியே சொல்வது வேறொன்று. எவ்வளவு, எந்த நேரத்தில் பேசினார் என்று பார்ப்பதற்கும் என்ன பேசினார் என்று பார்ப்பதற்கும் இடையிலான தூரத்தையும் அந்தத் தீர்ப்பு அளந்தது. வென்றவருக்குச் செலவுத் தொகையாக 1,365 யூரோ கிடைத்தது; இழப்பீடு தனியாக இல்லை. வேலை போய்ப் பத்து வருடமாகியிருந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஒன்டாரியோ நகரப் பொலிஸ் அதிகாரி ஒருவரின் வழக்கு எங்கள் அலுவலகங்களுக்கு இன்னும் நெருக்கமானது. நகர நிர்வாகம் கொடுத்த பேஜரில் (எழுத்துச் செய்தி அனுப்பவும் பெறவும் பயன்பட்ட சிறு கருவி) மாதத்துக்கு 25,000 எழுத்துகள் என்ற அளவு இருந்தது. ஜெஃப் குவொன் என்ற அந்த அதிகாரி மாதா மாதம் அளவைத் தாண்ட, மேலதிகத் தொகையைக் கட்டிவிட்டால் செய்திகளைப் பார்க்க மாட்டேன் என்று அவருடைய மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். பின்னர் பொலிஸ் தலைமை செய்திகளின் பிரதியைச் சேவை நிறுவனத்திடமே கேட்டு வாங்கியது. 2002 ஓகஸ்டில் கடமை நேரத்தில் அவர் அனுப்பியும் பெற்றும் இருந்த 456 செய்திகளில் வேலை சம்பந்தமானவை அதிகபட்சம் 57 மட்டுமே. 2010 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், அளவு போதுமா என்று அறிய நடந்த அந்தப் பரிசோதனை நியாயமானதே என்றது. "பரவாயில்லை தம்பி, பாவிச்சுக்கங்க, யார் பார்க்கப் போறா" என்று கிளை முகாமையாளர் சொல்லும் சொல்லுக்கு அவர் இடமாற்றம் பெற்றுப் போகும் வரைக்கும்தான் ஆயுள் என்பதை அந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அதே 2010 இல் நியூ ஜேர்சி மாநில உயர் நீதிமன்றத்தில் வேறொரு கேள்வி. மரீனா ஸ்டெங்கார்ட் என்ற பெண் நிறுவனத்தின் மடிக்கணினியில் தன் சொந்த யாஹூ கணக்கைத் திறந்து, அந்த நிறுவனத்துக்கு எதிராகவே ஆலோசனை கேட்டுத் தன் வழக்கறிஞருக்கு எழுதினார். கணினி தானாகச் சேமித்து வைத்திருந்த பக்கங்களிலிருந்து அவற்றை நிறுவனம் பின்னர் மீட்டெடுத்தது. அவை அந்தரங்கமானவை, வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பாதுகாப்பு நீங்கவில்லை என்று நீதிமன்றம் கூறியது. இங்கே அதே துணிச்சலில் அலுவலகக் கணினியிலிருந்து தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுத வேண்டாம் என்றே சொல்வேன். தனியார் துறையில் பணிநீக்கம் செய்யப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய மன்றுக்குப் போகலாம். அந்த மன்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் விதிகளுக்குக் கண்டிப்பாகக் கட்டுப்பட்டதல்ல, நீதியும் ஒப்புரவுமான கட்டளையைப் பிறப்பிப்பதே அதன் வேலை. அதனால், பெற்ற விதம் சரியில்லை என்ற ஒன்றை மட்டும் சொல்லி ஒரு ஸ்கிரீன்ஷொட்டை அங்கே வெளியே நிறுத்திவிட முடியும் என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது.

இந்த வழக்குகளில் ஓரமாக நிற்கும் மனிதர்கள் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறார்கள். பர்புலெஸ்குவின் சகோதரன் எந்த நியமனக் கடிதத்திலும் கையொப்பமிடவில்லை. கட்டாரிலிருந்து இரவில் குரல் பதிவு அனுப்பும் கணவனும், தன் மகப்பேற்று நோவைப் பற்றி அக்காவுக்கு எழுதும் தங்கையும் அவ்வாறே. ஒரு நிறுவனம் தன் ஊழியரிடம் சம்மதம் வாங்கிவிட்டதாகச் சொல்லும்போது உரையாடலின் ஒரு பாதிக்கு மட்டுமே சம்மதம் வாங்கியிருக்கிறது. மறுபாதியை எழுதியவருக்கு, தான் எழுதியது எந்தக் கருவியில் போய் விழுகிறது என்பதே தெரியாது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது இங்கே பெரிய கேள்வி எழ வேண்டியது இந்த மறுபாதிக்காரர் பக்கமிருந்துதான்.

ஊழியரின் பக்கத்துச் சம்மதமும் எவ்வளவு உறுதியானது? 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், வேலைக்குச் சேரும் நாளிலேயே வேலையின் நிபந்தனைகள் பற்றிய விபரங்களை ஊழியருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. தட்டச்சு இயந்திரக் காலத்துச் சட்டம். ஆயினும் அதன் எண்ணம் சரியானது. நடைமுறையில் அந்த நாளில் கொடுக்கப்படுவது பதினைந்து, இருபது பக்க ஆங்கிலக் கையேடு. கருவிப் பயன்பாடு பற்றிய பந்தி அதில் எங்கோ நடுவில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் கையொப்பம். கிழக்கில் அரச நிர்வாகம் தமிழில் நடைபெற வேண்டும் என்பதற்கு அரசியலமைப்பிலேயே ஏற்பாடு உண்டு. தனியார் நிறுவனத்தின் உள்விதிகளுக்கு அது பொருந்தாது. பேரமர்வு கேட்ட 'முன்கூட்டிய அறிவித்தல்' என்பது வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ வந்து வேலையில் சேரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு வாசித்து விளங்க முடியாத மொழியில் கிடைத்தால், கிடைத்ததாகக் கொள்ளலாமா? கொள்ள முடியாது என்பதே என் கருத்து. கையொப்பம் இருக்கிறது, அறிவித்தல் இல்லை.

சென்ற ஆண்டு ஓர் அலுவலகம் இந்தப் பந்தியை மட்டுமாவது தமிழில் ஒரு பக்கமாக எழுதித் தரச் சொன்னது. கருவி யாருடையது, அதில் எதை நிறுவனம் பார்க்கும், எதைப் பார்க்காது, யார் சொன்னால் பார்க்கும், திருப்பிக் கொடுக்கும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினேன். 'கண்காணிக்கப்படும்' என்று நான் போட்ட சொல்லைப் பார்த்த முகாமையாளர், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், 'மேற்பார்வை செய்யப்படும்' என்று மாற்றுங்கள் என்றார். மேற்பார்வை என்பது தலைமை ஆசிரியர் வகுப்பைச் சுற்றி வருவது. இது அப்படியல்ல என்று சொல்லி, சிறிது வாதாடி, சொல்லை அப்படியே விட வைத்தேன். அவர்களுடைய ஆங்கிலக் கையேடு ஏழெட்டு வருடமாக ஒரு கேள்வியும் இல்லாமல் கையொப்பம் வாங்கிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பக்கம் மேசைக்கு மேசை போன அன்று மத்தியானத்துக்குள்ளேயே மூன்று கேள்விகள் வந்தன: குரல் பதிவும் இதில் சேருமா, வேலை முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோன டேப்லெட்டில் மகள் பார்ப்பதும் தெரியுமா, இதுவரை பார்த்தது ஏதாவது இருக்கிறதா. முதல் இரண்டுக்கும் முகாமையாளர் அங்கேயே பதில் சொன்னார். மூன்றாவதற்குக் கொழும்பில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.